மூன்றாவது கியர்பாக்ஸும் போய்விட்டது: நான்காவது போடலாமா, வேனை விற்றுவிடலாமா?

செம்பனைச்சாலை, சுங்கை சிப்புட் – திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது ஏழு பேர் அமரும் குடும்ப வேன், ஆட்டோ கியர், முன்சக்கர இழுவை. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். அம்மாவை மாதம் இரண்டு முறை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும் இந்த ஒரு வண்டியால்தான் நடக்கிறது. நாங்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பஸ் கிடையாது.

சென்ற ஆண்டுத் தீபாவளிக்குச் சுங்கை பட்டாணியில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, புக்கிட் பெராபிட் மேட்டில் இயந்திரம் இரைந்தது, வண்டி நகரவில்லை. அப்போது 162,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பட்டறையில் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் கொண்டுவந்து மாட்டினார்கள். 3,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஐந்து மாதத்தில் அதுவும் போனது. பிறகு பிரித்துப் புதுப்பித்த பெட்டி என்று சொல்லி ஒன்றைப் போட்டார்கள், 4,200 வெள்ளி. அது ஏழு வாரம்தான் தாங்கியது. இப்போது மூன்றிலிருந்து நான்காவது கியருக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இடிக்கிறது. விளக்கு மின்னுகிறது. பிறகு ஒரே கியரில் நின்றுகொண்டு 60-க்கு மேல் போக மறுக்கிறது.

“வேறு ஒரு பெட்டி போட்டுவிடலாம்” என்கிறார் பட்டறைப் போர்மன் (மெக்கானிக்). மனைவி கட்டிவந்த கூட்டுச் சீட்டுப் பணம் இரண்டாவது பெட்டியோடு தீர்ந்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பார்க்காரன் – திங்கள் இரவு

அண்ணா, வருத்தமாக இருக்கிறது. என் கருத்து, விற்றுவிடுங்கள். மூன்று முறை போன பெட்டி நான்காவது முறையும் போகும். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு சிறிய கார் பாருங்கள்.

செம்பனைச்சாலை – செவ்வாய் காலை

தம்பி, வங்கிக் கடன் இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. இந்த நிலையில் விற்றால் வரும் பணம் கடனுக்கே போதாது. குறையை மறைத்து விற்றால் வாங்குபவரும் என்னைப்போல் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்காரராகத்தான் இருப்பார். அதைச் செய்ய மனம் வரவில்லை.

தைப்பிங் பட்டறை – செவ்வாய் மதியம்

தம்பி, முப்பது ஆண்டுக்கு மேல் ஆட்டோ கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். பணம் செலவழிக்கும் முன் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

முதல் பெட்டி போனபோது கழற்றிய எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது, தீய்ந்த வாடை வந்ததா? பெட்டி மாற்றிய இரண்டு முறையும் டார்க் கன்வெர்ட்டரை (இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும், எண்ணெய் நிறைந்த உருளையை) மாற்றினார்களா? ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் கூலரைக் கழுவினார்களா? என்ன எண்ணெய், எத்தனை லிட்டர்? இரண்டாவது பெட்டி நின்றபோது வண்டியை எப்படி ஊருக்குக் கொண்டுவந்தீர்கள்?

பில் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

செம்பனைச்சாலை – செவ்வாய் இரவு

ஐயா, முதல் முறை எண்ணெய் கறுப்புக் காப்பிபோல் இருந்தது. தீய்ந்த வாடை பட்டறை முழுவதும் வந்தது, நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு பில்லிலும் ஒரே வாசகம்தான்: கியர்பாக்ஸ் 1, கியர் எண்ணெய் 4 லிட்டர், கூலி. கன்வெர்ட்டர், கூலர் என்று எதுவும் இல்லை. எண்ணெயின் பெயரும் இல்லை. எல்லா வண்டிக்கும் ஊற்றும் எண்ணெய்தான் என்று சொன்னார்கள்.

இரண்டாவது பெட்டி கோலகங்சார் போகும் வழியில், நெடுஞ்சாலையில் பழுதானது. நெடுஞ்சாலை உதவி வண்டி இலவசமாக டோல் சாவடி வரை கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து நண்பர் ஒருவர் தம் லாரியில் கயிறு கட்டி, பழைய சாலை வழியாகச் சுங்கை சிப்புட் வரை இழுத்துவந்தார். நியூட்ரலில்தான் போட்டிருந்தேன்.

தைப்பிங் பட்டறை – புதன் காலை

படித்ததும் வயிறு எரிந்தது தம்பி. உங்கள் பெட்டிகளைக் கொன்றது எது என்பது உங்கள் பில்லிலேயே இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டோ பெட்டியில் எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு நிற்பதில்லை. இயந்திரத்தின் விசையைக் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவது எண்ணெய். கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும் அதுவே. மனித உடம்புக்கு இரத்தம் எப்படியோ அப்படி. 80 முதல் 95 டிகிரி வரை அது நலமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. 120-ஐத் தாண்டிப் பழகிய எண்ணெய் கறுத்துத் தீய்ந்துபோகும்.

உங்கள் முதல் பெட்டி சூட்டால் தீய்ந்தது. தீயும்போது கிளட்ச் தகட்டின் உராய்வுப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து எண்ணெயோடு சுற்றும், இரும்புத் துகளும் சேரும். இந்தச் சேறு எங்கே போய்ப் படியும்? இரண்டு இடம். ஒன்று கன்வெர்ட்டர். அதை வெட்டிப் பிரிக்காமல் உள்ளே சுத்தம் செய்ய முடியாது. மற்றது ரேடியேட்டரின் கூலர். அதன் வழிகள் மிகக் குறுகியவை.

இப்போது 4 லிட்டர் என்ற கணக்கைப் பாருங்கள். உங்கள் வகை வேனில் பெட்டியும் கன்வெர்ட்டரும் காலியாக இருந்தால் 7 லிட்டருக்கு மேல் குடிக்கும். 4 லிட்டரில் நிரம்பியது என்றால் பழைய கன்வெர்ட்டர் பழைய எண்ணெயோடு, பழைய சேற்றோடு அப்படியே திரும்ப ஏறியிருக்கிறது. புதுப் பெட்டி முதல் நாளே அந்த அழுக்கைக் குடித்தது. கூலர் அடைத்திருந்தால் சூடும் வெளியேறாது. அதனால்தான் ஒவ்வொரு பெட்டியும் முந்தியதைவிட விரைவாகச் சாகிறது.

கயிறு கட்டி இழுத்தது அடுத்த அடி. எண்ணெய்ப் பம்ப் இயந்திரம் ஓடினால்தான் ஓடும். முன்சக்கர இழுவை வண்டியை இயந்திரத்தை அணைத்து முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால், நியூட்ரலில் இருந்தாலும் உள்ளே பல்லும் பேரிங்கும் எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுழலும். தட்டையான லாரியில் ஏற்ற வேண்டும், அல்லது முன்சக்கரங்களைத் தூக்க வேண்டும். பழுதான பெட்டியில் பிழைக்க வேண்டியதும் உங்கள் இருபது கிலோமீட்டரில் போயிருக்கும். உங்கள் மேல் தவறில்லை, இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான்காவது பெட்டியை வாங்காதீர்கள். முதலில் கூலரைச் சோதியுங்கள். எண்ணெய் திரும்பிவரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு மணி பாருங்கள். முப்பது விநாடிக்குள் ஒரு லிட்டர் வர வேண்டும். அதிக நேரம் ஓடவிடக் கூடாது, பெட்டி காய்ந்துவிடும்.

லாபிஸ் அக்கா – புதன் மதியம்

ஐயா சொல்வதை அப்படியே கேளுங்கள் தம்பி. நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். தோட்டத்துச் சாலையில் வேலை செய்யும் வண்டியை நகரத்துக் காரோடு ஒப்பிடக் கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால், மேட்டில் ஊர்ந்துகொண்டு, ஏர்கோன் போட்டு, ஆள் நிறைய. பகல் மூன்று மணி வெயில் வேறு. வண்டி வேகமே போகவில்லையே, எப்படிச் சூடாகும் என்று முன்பு நானும் நினைத்தேன்.

மெதுவாக மேடேறும்போதுதான் அதிகச் சூடு. வேகமெடுத்தால் கன்வெர்ட்டர் உள்ளே பூட்டிக்கொள்ளும், நழுவாது. ஊர்ந்து போகையில் பூட்டாமல் எண்ணெயைத் தயிர் கடைவதுபோல் கடைந்துகொண்டே இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த போர்மன் இப்போது இல்லை. அவர் சொன்னதிலிருந்து மேட்டில் டி-யில் விடாமல் 2-இல் போட்டு ஏறுகிறேன். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெய் மாற்றுகிறேன். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் மாற்றுகிறேன். அதே கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கடினமான ஓட்டத்துக்கு வேறு கணக்கு இருக்கும், தேடிப் பாருங்கள். நம்முடைய ஓட்டம் எல்லாமே கடினமான ஓட்டம்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஏழு பேர் வண்டியில் எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள்?

செம்பனைச்சாலை – புதன் மாலை

கோபமில்லை அக்கா. தீபாவளி அன்று பெரியவர் ஆறு, பிள்ளைகள் ஐந்து. கூரையில் மூட்டை வேறு. இனிச் செய்யமாட்டேன்.

பத்து காஜா – புதன் இரவு

ஒரு மாற்றுக் கருத்து. கிலோமீட்டர் அதிகம் ஓடிய பெட்டியில் எண்ணெய் மாற்றினால் மறுவாரமே பெட்டி போய்விடும். என் மாமா வண்டியில் நேரில் பார்த்தேன். பழைய எண்ணெயில் மிதக்கும் தூள்தான் தேய்ந்த தகட்டுக்குப் பிடிப்புக் கொடுக்கிறது. அக்கா சொல்வதுபோல் எல்லாரும் மாற்றப் போனால் ஆபத்து.

தைப்பிங் பட்டறை – வியாழன் காலை

பத்து காஜா தம்பி, நீங்கள் பார்த்தது பொய்யில்லை. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டி எப்போது வந்தது என்பதைக் கேளுங்கள். நழுவ ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலோர் எண்ணெய் மாற்ற வருகிறார்கள். தகடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. புது எண்ணெய் அதற்கு உயிர் கொடுக்காது, சாவை ஒரு வாரம் முன்னே காட்டும். பழி எண்ணெய் மேல் விழுகிறது.

நழுவாத பெட்டி என்றால் தயங்காமல் மாற்றலாம். அழுத்தம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் அலசித் தள்ள வேண்டாம். அடி நட்டைத் திறந்து வருகிற மூன்று நான்கு லிட்டரை மட்டும் மாற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதேபோல் இரண்டு முறை. நழுவுகிற வண்டிக்கு நான் எண்ணெய் மாற்றிக் கொடுப்பதில்லை. மாற்றி அனுப்பினால் உங்கள் மாமாவைப்போல் ஒருவர் ஏமாந்து நிற்பார்.

பீடோங் ஆசிரியர் – வியாழன் இரவு

எண்ணெய் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணெய் என்று சொன்னதாகப் படித்ததும் எழுதத் தோன்றியது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1989-இல் தன் குடும்ப வேன்களில் அல்ட்ராடிரைவ் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு நான்கு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. பொதுவாகக் கிடைத்த டெக்ஸ்ரான் எண்ணெயை ஊற்றிய வண்டிகளில் கன்வெர்ட்டரைப் பூட்டும் கிளட்ச் நடுங்கியது, பெட்டிகள் கெட்டன. அந்தப் பெட்டிக்கு வடிவமைப்புக் குறைகளும் இருந்தன, ஆனால் எண்ணெய்க் குழப்பம் அதை மேலும் கெடுத்தது. 2004-இல் ஹோண்டா, ஒடிசி குடும்ப வேன் உட்படச் சுமார் 11 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாவது கியருக்குப் போதிய எண்ணெய் போகாமல் சூடேறி, பல் உடைந்து பெட்டி பூட்டிக்கொள்ளும் ஆபத்து. 24,000 கிலோமீட்டருக்குக் கீழே ஓடிய வண்டிகளுக்குச் செய்த திருத்தம் என்ன தெரியுமா? அந்தக் கியரின் மேல் எண்ணெய் பீய்ச்ச ஒரு சிறு வழி அமைத்தார்கள். ஆலையிலிருந்து வந்த புது வண்டிக்கே எண்ணெயும் சூடும்தான் பிரச்சினை என்றால், நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்.

அடுத்தது பணம். செம்பனைச்சாலை ஐயா, நீங்கள் கொடுத்த 7,600 வெள்ளியை விதி என்று விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. 54ஆம் பிரிவு, அந்த வேலை எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்பட வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். முதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 14 நாள்.

நான் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்காகப் போனவன். அங்கே எடுபட்டது என் பேச்சு அல்ல, தாள்கள்தான். ஆகவே கழற்றும் எதையும் எறியவிடாதீர்கள். படம் எடுங்கள், தேதி எழுதுங்கள். முதலில் பட்டறைக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கம்பார்க்காரன் – வெள்ளி காலை

நான் விற்கச் சொன்னது அவசரம், மன்னியுங்கள் அண்ணா. ஒரு கேள்வி, பட்டறைக்காரரோடு சண்டை போட்டால் சிறிய ஊரில் நாளைக்கு யார் வண்டியைப் பார்ப்பார்கள்?

செம்பனைச்சாலை – வெள்ளி இரவு

எனக்கும் அந்தப் பயம் இருந்தது தம்பி. அவர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர். கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு அம்மாதான், “தப்பைச் சொல்லாமல் வந்து புலம்புகிறாயே, சொன்னால்தானே அவனுக்கும் தெரியும்” என்றார்.

செம்பனைச்சாலை – அடுத்த புதன்

வேறொரு இளம் போர்மனை வீட்டுக்கு அழைத்துக் கூலரைச் சோதித்தேன். ஒரு லிட்டர் வர இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆனது. சில நேரம் சொட்டுச்சொட்டாக வந்தது. காணொளி எடுத்து வைத்திருக்கிறேன். கணினி வைத்துப் பார்த்ததில் பி0218, பி0741 என்று இரண்டு எண்கள் வந்தன.

தைப்பிங் பட்டறை – புதன் இரவு

முதல் எண் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பது. இரண்டாவது கன்வெர்ட்டர் பூட்டும் கிளட்ச் சரியாக வேலை செய்யவில்லை என்பது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன. ரேடியேட்டர் குழாயில் தண்ணீரோடு எண்ணெய் கலந்து பால் கலந்த ரோஸ் நிறம் ஏதேனும் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் பெட்டிக்குள் போனால் தகட்டின் பசை கரைந்துவிடும், பிறகு எதுவும் காப்பாற்றாது. அந்த நிறம் இல்லையென்றால் வண்டியைத் தட்டை லாரியில் ஏற்றி என் மகனிடம் அனுப்புங்கள். கூலியை மாதாமாதம் கொடுத்தால் போதும்.

செம்பனைச்சாலை – மூன்று வாரம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

ரோஸ் நிறம் இல்லை. வண்டி தைப்பிங் போனது. பெட்டியைப் பிரிக்கும்போது ஐயா என்னை அருகில் நிற்கவைத்தார். மேல்கியர்களின் கிளட்ச் தகடுகள் அடுப்புக்கரிபோல் இருந்தன, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. அடித்தட்டின் காந்தத்தில் பசைபோல் இரும்புப் பொடி. பற்களும் பேரிங்கும் நன்றாக இருந்தன, அதனால் அதே பெட்டியைக் கட்ட முடிந்தது. கூலரை வெட்டிக் காட்டினார். கறுப்புச் சேறு ஊறி, பாதிக்கு மேல் வழி இல்லை. பெட்டி பெட்டியாகப் பணத்தைக் கொட்டியபோதெல்லாம் இந்த விரற்கடை அடைப்பு உள்ளே உட்கார்ந்திருந்தது என்று நினைக்கும்போது கை நடுங்கியது.

புதுத் தகடுகள், புதுப்பித்த கன்வெர்ட்டர், புது ரேடியேட்டர், அதற்கு முன்னால் தனியாக ஒரு கூலர், வழியில் காந்தம் வைத்த வடிகட்டி. கையேட்டில் சொன்ன எண்ணெய் எட்டு லிட்டர் பிடித்தது. அளவைச் சூட்டுமானி வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டே பார்த்தார்கள். கட்டுப்பாட்டுக் கணினியின் பழைய நினைவை அழித்து, புதிதாகக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். மொத்தம் 3,850 வெள்ளி.

பழைய பட்டறைக்கு ஆசிரியர் சொன்னபடி கடிதம் எழுதினேன். படங்கள், காணொளி, இரண்டு பில். நேரில் போய்க் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் சத்தம் போட்டார். கூலர் துண்டை மேசையில் வைத்ததும் பேச்சு நின்றது. கழுவ வேண்டும் என்று தமக்கு யாரும் சொன்னதில்லை என்றார், நான் நம்புகிறேன். தீர்ப்பாயம் வரை போகவில்லை. மூன்றாவது பெட்டிக்கு வாங்கியதில் 2,500 வெள்ளியை இரண்டு தவணையில் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். முதல் தவணை வந்துவிட்டது. முழுத்தொகை வாங்கியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது போதும்.

லாபிஸ் அக்கா – அன்றிரவு

படித்து மனம் நிறைந்தது தம்பி. தனிக் கூலர் வைத்த பிறகு மேட்டில் சூடு எவ்வளவு காட்டுகிறது? நானும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

செம்பனைச்சாலை – மறுநாள்

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய்வந்தோம் அக்கா, ஆறு பேர் மட்டும். திரும்பும்போது புக்கிட் பெராபிட்டில் முன்னால் ஒரு மரலாரி, முப்பதில்தான் ஏற முடிந்தது. 2-இல் போட்டேன். மனைவி எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். உச்சியில் 96, இறக்கத்தில் 88. ஐயா, ஆயிரம் கிலோமீட்டர் முடிய இன்னும் இருநூறு இருக்கிறது. வரும் ஞாயிறு எண்ணெய் மாற்ற வருகிறேன், வடிகட்டியையும் திறந்து பார்த்துவிடலாம்.

தைப்பிங் பட்டறை – மறுநாள்

காலை ஒன்பதுக்கு முன் வாருங்கள். சூடு ஏறிய வண்டியாக இருக்கட்டும், அணைத்துப் போடாதீர்கள். லாபிஸ் அம்மா, உங்கள் வண்டிக்கும் வைக்கலாம். ரேடியேட்டர் கூலரைக் கழற்றிவிட வேண்டாம், எண்ணெய் முதலில் அதன் வழியாகவும் பிறகு புதுக் கூலர் வழியாகவும் போகட்டும். குழாயைச் சாதாரண எரிபொருள் குழாயாகப் போடவிடாதீர்கள், கியர் எண்ணெய்க்கென்று உள்ள குழாய்தான் சூட்டைத் தாங்கும்.